ஆரகார்ன் எந்த கிளாஸ்?

கேள்வி: 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் ஆரகார்ன் வாள் வீசுகிறான், கடைசியில் அரசனாகிறான். ஆளுக்கொரு பாத்திரமாக விளையாடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் அவனை ஃபைட்டர் (சண்டைக்காரன்) கிளாஸில், அதாவது அந்தப் பாத்திர வகையில், வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், காட்டில் திரியும் வீரனான ரேஞ்சர்தான் சரி. அந்த கிளாஸ் பிறந்ததே அவனை மனதில் வைத்துத்தான். 1974இல் ஆட்டம் வெளிவந்தபோது சண்டைக்காரன், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே கிளாஸ்கள். ரேஞ்சர் அடுத்த வருடம் வந்து சேர்ந்தது. 1978 விதிப்புத்தகத்தில் ஒரு விதி எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தரும். காட்டில் தடம் பார்த்துத் திரிகிற ரேஞ்சர் பத்தாவது லெவலைத் தொட்டதும், தொலைவில் நடப்பதைக் காட்டும் மாயப் பளிங்குக் கோளத்தைப் பயன்படுத்தலாம். காட்டு மனிதனுக்கு அது எதற்கு? ஆரகார்ன் தொலைவைக் காட்டும் பலன்டீர் கல்லுக்குள் பார்த்து, கதையின் பெரிய வில்லன் சௌரானையே எதிர்கொண்டானே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்!

ஒரே ஒரு குறை. மினாஸ் டிரித் நகரில் காயப்பட்டவர்களை அவன் கைகள் குணமாக்குகின்றன. ஆட்டத்தில் தொட்டுக் குணமாக்கும் வரம் பாலடின் என்ற புனித வீரர் கிளாஸிடம் இருக்கிறது. ஆட்டம் நடத்துபவரிடம் கேட்டு, அதை மட்டும் உங்கள் ரேஞ்சருக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.