கே, என் சேர்ந்து தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் ‘கே’ எதற்கு?

“கே-யும் என்-னும் சேர்ந்து தொடங்கும் சின்ன ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு சொல்லுங்கள், வாயில் வராத அந்தக் கே எதற்கு என்றும் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மாலையில் வீட்டில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருடம் டிக்டேஷனில் ஒரு பெண் ‘நைஃப்’ என்பதை என்-னில் தொடங்கி எழுதியிருந்தாள். சிவப்பு மையால் முன்னே ஒரு கே போட்டேன். “சொல்லவே போறதில்லைன்னா எதுக்கு மிஸ் எழுதணும்?” என்றாள். “அது சைலண்ட் லெட்டர்ம்மா, மனப்பாடம் பண்ணிக்கோ” என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

அந்தக் கே ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஆங்கிலேயர்கள் கத்தியை ‘க்னீஃப்’ என்றுதான் சொன்னார்கள். அப்போது எழுதியது சி, என் என்று. 1066-ல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுதும் முறை மாறி, சி இருந்த இடத்துக்குக் கே வந்தது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோதும் ஜனங்கள் அந்தக் கே-யைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அச்சில் ஏறியது நிலைத்துவிட்டது. 17-ம் நூற்றாண்டு வாக்கில் வாய் மட்டும் அதைக் கைவிட்டது. ஜெர்மானியர்கள் இன்னும் விடவில்லை. முழங்காலுக்கு அவர்கள் சொல் ‘க்னீ’. நாம் கடையில் ‘நார்’ என்று கேட்டு வாங்கும் சூப் பாக்கெட் ஜெர்மன் பெயர்தான். அவர்கள் வாயில் அது ‘க்னோர்’.

சரி, சொற்களுக்கு வருகிறேன். நான் முதலில் சொல்லிக் கொடுப்பது முட்டியை. காலில் இருந்தால் ‘நீ’, அதை மடக்கி மண்டியிட்டால் ‘நீல்’, கையில் இருந்தால் ‘நக்கிள்’. நமக்கு இரண்டுமே முட்டிதான், கால்முட்டி, விரல்முட்டி. ஒருநாள் பிள்ளைகளைச் சமையலறைக்கே கூட்டிப்போனேன். தட்டில் சப்பாத்தி மாவு இருந்தது. விரல்களை மடக்கி அழுத்தச் சொன்னேன். மாவில் வரிசையாக நாலு குழி விழுந்தது. “குழி போட்டது நக்கிள். இப்படிப் பிசைகிற வேலைக்குப் பெயர் ‘நீட்’. அதே முட்டியால் கதவைத் தட்டினால் ‘நாக்’, கதவில் திருகுகிற குமிழ் ‘நாப்’.” அன்றைக்குப் பிறகு இந்த நாலிலும் கே விட்டுப்போனதே இல்லை.

‘நாட்’ என்றால் முடிச்சு. நூலையோ கம்பளியையோ பின்னுகிற ‘நிட்’டும் அதன் உறவுதான், முடிச்சுப் போடுவதுதான் அதன் பழைய பொருள். புயல் செய்திகளில் காற்றின் வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்வார்களே, அதுவும் இதே முடிச்சு. அந்தக் காலத்துக் கப்பல்களில் ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்புறமாகக் கடலில் போடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 விநாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் கையை விட்டு எத்தனை முடிச்சு ஓடியதோ, அதுதான் வேகம். ஒரு ‘நாட்’ என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். சொல்லில் முடிச்சு அப்படியே இருக்கிறது, கயிறுதான் போய்விட்டது.

சதுரங்கம் ஆடுகிற பையன் ஒருவன் வேறொன்று கேட்டான். ஆட்டத்தைக் குறிக்கும்போது குதிரைக்கு ஏன் என் என்று எழுதுகிறோம்? குதிரைக்கு ஆங்கிலத்தில் ‘நைட்’, கே-யில் தொடங்கும் சொல். ஆனால் கே-யை ராஜா எடுத்துக்கொண்டுவிட்டார், அதனால் குதிரைக்கு அடுத்த எழுத்து. இந்த ‘நைட்’ பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’. சிறுவன், வேலைக்காரன் என்பதுதான் பொருள். போகப் போகக் குதிரைவீரன் ஆனான், பட்டம் பெற்ற பெரிய மனிதன் ஆனான். அதே போலச் சிறுவன் என்று தொடங்கிய இன்னொரு சொல் ‘நேவ்’. அது போக்கிரி, ஏமாற்றுக்காரன் என்று கீழே இறங்கிவிட்டது. சீட்டுக்கட்டில் ஜாக்கிக்கும் அந்தப் பெயர் உண்டு.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘நெல்’ சாவுமணி ஓசை. ‘நோல்’ சிறு மேடு. ‘நேக்’ கைப்பழக்கத்தில் வரும் லாவகம். பேச்சில் “அதுக்கு ஒரு நேக்கு இருக்கு” என்கிறோமே, அதே பொருள்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அறிதல் என்கிற ‘நோ’. இதுவும் சமஸ்கிருதத்தின் ‘ஜ்ஞா’வும் ஒரே வேரில் பிறந்தவை. அந்த ‘ஜ்ஞா’விலிருந்துதான் நமக்கு ஞானமும் ஞாபகமும் வந்தன. முழங்காலுக்கான ‘நீ’யும் அப்படித்தான், சமஸ்கிருத ‘ஜானு’வின் உடன்பிறப்பு. “ஆஜானுபாகுவான ஆள்” என்று சொல்கிறோமே, முழங்கால் வரை நீண்ட கையுடையவர் என்று அர்த்தம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்காது. அதனால் ‘ஜ்ஞானம்’ நம் வாய்க்கு வந்தபோது முன்னால் இருந்த ஜ் விழுந்து ‘ஞானம்’ ஆனது. ஆங்கிலேயர்கள் கே-யை விட்டதும் இதே போலத்தான். நாம் விட்டதை எழுதவில்லை, அவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது, “அப்போ கே செத்துப்போச்சா மிஸ்?” என்றாள். இல்லை, சொல்லின் நடுவே உயிரோடு இருக்கிறது. ஒப்புக்கொள்வதற்கான ‘அக்னாலட்ஜ்’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், உள்ளே அதே ‘நோ’தான் இருக்கிறது. அடுத்து, அதே ‘ஜ்ஞா’விலிருந்து வந்த ‘பிரக்ஞை’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் நாக்கு ஒரு ‘க்’ வைத்துவிட்டுத்தான் நகர்கிறது.