20 லட்சம் பேர் எங்கே போனார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போட்டித் தேர்வுக்காகப் பழைய மக்கள்தொகைக் கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1981-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 33 லட்சத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். 2011-இல் 13.5 லட்சம்தான். இத்தனை பேரும் பஞ்சம் பிழைக்கப் போய்விட்டார்களா? என் தாத்தாவும் கமுதிப் பக்கமிருந்து சென்னைக்கு வந்தவர், அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தேடும் ஆட்களில் பெரும்பாலோர் சிவகாசியிலும் ராஜபாளையத்திலும் காரைக்குடியிலும் சௌக்கியமாக இருக்கிறார்கள். அவையெல்லாம் அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்து 1910-இல் உருவாக்கியது அது. மேற்கே மலையடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், கிழக்கே தனுஷ்கோடி. கலெக்டர் ஆபீஸ் மட்டும் நெடுங்காலம் மதுரையில்! ராமேஸ்வரத்துக்காரர் ஒரு மனு கொடுக்க அடுத்த மாவட்டத்துக்கு ரயிலேற வேண்டும். 1985-இல்தான் மூன்றாகப் பிரித்தார்கள். 2011 கணக்கில் விருதுநகர் 19.4 லட்சம், சிவகங்கை 13.4, ராமநாதபுரம் 13.5. கூட்டினால் 46 லட்சத்துக்கு மேல் வரும். அதாவது முப்பது வருடத்தில் ஏறக்குறைய 13 லட்சம் கூடியிருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். 2001-க்கும் 2011-க்கும் நடுவே ஆலைகள் நிறைந்த விருதுநகர் மாவட்டம் 11 சதவீதம் வளர்ந்தது. அரசு ஊழியர்கள் மாற்றலுக்கு அஞ்சும் 'தண்ணியில்லாக் காடு' ராமநாதபுரமோ 14 சதவீதம்! வறட்சி என்றால் ஊர் காலியாகும் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம்.

அதற்காக உங்கள் தாத்தா கதை பொய்யில்லை. வைகை கடலை நெருங்கும் கடைக்கோடி அது. கண்மாய் நிறைந்தால்தான் நெல். மற்றபடி புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிக் குண்டு மிளகாய் போடுவார்கள். பழம் பறித்துக் காயவைத்து முடிந்தால் கோடையில் வேலையில்லை. அப்புறம் கரிமூட்டம்தான்: சீமைக்கருவேல விறகை அடுக்கி, செத்தையும் மண்ணும் போட்டு மூடி, காற்று புகாமல் நாள்கணக்கில் புகையவிட வேண்டும். எங்காவது ஒரு ஓட்டை விழுந்தால் கரி சாம்பலாகிவிடும் என்பதால் ராத்திரியிலும் காவல் உண்டு. இது பிடிக்காத இளவட்டங்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போனார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் முன்பு இலங்கை, பர்மா, பிறகு வளைகுடா.

கணக்கெடுப்புக் காலம் முழுக்க வெளிநாட்டில் இருப்பவரை எண்ணுவதில்லை. 2001-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1036 பெண்கள் இருந்ததை, ஆண்கள் வெளியே போய்விட்டதற்குச் சாட்சியாகப் பலர் காட்டுவார்கள். ஆனால் 2011-இல் அது 983 ஆகிவிட்டது. வெளியூர்ப் பிழைப்பு அதற்குள் நின்றுவிட்டதா என்ன? ஒற்றை எண்ணை வைத்து நான் கதை கட்ட மாட்டேன்.

சரி, உங்கள் ஒப்பீட்டுக்கு மாவட்ட மொத்தம் உதவாது. 1981-க்கான மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டை எடுத்து, கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி பக்கத்து ஊர்களை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். தாலுகா எல்லையும் மாறியிருக்கும். கிராமப் பெயரைப் பார்த்துச் சேருங்கள்.