கேள்வி – பதில்: மூட்டைக்குள் பூனையா, பன்றியா?

கேள்வி: ரஷ்ய மொழி பேசுபவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மரபுத்தொடர்களைப் பட்டியலாகக் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பேசும்போது கோட்டை விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பட்டியலை ஓரமாக வையுங்கள். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டித் தீர்ப்பது) போன்ற விசித்திரமான தொடர்களால் பெரிய சிக்கல் இல்லை. நேர்ப்பொருள் பொருந்தாது என்பது கேட்டதுமே உறைத்துவிடும். தாய்மொழித் தொடரின் சாயலில் இருப்பவைதான் காலை வாருகின்றன.

பொருளைப் பார்க்காமலே வாங்குவதை ரஷ்ய மொழியில் 'குப்பீத் கத்தா வ மிஷ்கே' என்பார்கள். மூட்டைக்குள் இருக்கும் பூனையை வாங்குவது. ஆங்கிலத்தில் அந்த மூட்டைக்குள் இருப்பது பன்றி: 'பை எ பிக் இன் எ போக்'. போக் என்பது பையைக் குறிக்கும் பழஞ்சொல். இன்று தனியாக அதிகம் புழங்காததால் மாணவர் மனதில் தங்குவதில்லை. 'கேட் இன் எ பேக்' என்று சொல்லிவிடுகிறார். கேட்பவருக்கோ 'லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்' நினைவுக்கு வரும். அது ரகசியத்தை உளறுவது. (நாமும் 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' என்கிறோமே, அதேதான்.) இரண்டையும் ஒரே வகுப்பில் சூழலோடு கொடுங்கள். பழைய காரை ஓட்டிப் பார்க்காமல் வாங்கினால் பன்றி. ஒளித்து வைத்த பிறந்தநாள் பரிசைப் பற்றி உளறிவிட்டால் பூனை.

'பேலயா வரோனா', அதாவது வெள்ளைக் காக்கை, இன்னொரு கண்ணி. கூட்டத்தில் ஒட்டாமல் தனித்துத் தெரிபவரைச் சொல்வது. அவர் தவறு செய்தவராக இருக்க வேண்டியதில்லை. இதை 'பிளாக் ஷீப்' என்று பெயர்த்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு தந்தவர் என்றாகிவிடும். 'மிஸ்ஃபிட்' போதும்.

கேள்வி: இரு மொழியிலும் ஒன்றாக இருக்கும் தொடர்களைக் கற்பிக்கவே வேண்டாமா?

பதில்: பொருளைக் கற்பிக்க வேண்டாம், வடிவத்தைக் கற்பிக்க வேண்டும். காளையைக் கொம்பைப் பிடித்து அடக்குவது (சிக்கலைத் துணிந்து நேரடியாக எதிர்கொள்வது) இரண்டிலும் உண்டு. ஆனால் ரஷ்ய மொழியில் 'எ', 'தி' கிடையாது. அங்கே வரும் 'ஸா' என்ற முன்னிடைச்சொல்லைப் பலரும் 'ஃபார்' என்றே பழகியிருப்பார்கள். விளைவு: 'டேக் புல் ஃபார் ஹார்ன்ஸ்'. 'டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ்' என்று முழுதாக, ஒரே மூச்சில் சொல்லவையுங்கள். செயப்பாட்டு வினையாக மாற்றினாலும் பொருள் நிற்கிறதா என்று சோதியுங்கள். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உளறுவது, 'கிக் தி பக்கெட்' என்றால் சாவது. 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் ரகசியம் வெளிப்பட்டதுதான். 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரும் சாகவில்லை, வாளிதான் உதைபட்டது.

கேள்வி: 'பிரேக் எ லெக்' (நேர்ப்பொருளில் 'காலை உடைத்துக்கொள்') என்று வாழ்த்தினால் என்ன பதில் சொல்வது?

பதில்: 'தேங்க்ஸ்'. இதைச் சொல்லித்தராமல் விடாதீர்கள். தேர்வுக்குப் போகிறவரிடம் ரஷ்ய மொழியில் 'நீ பூகா நீ பெரா' (தூவியும் வேண்டாம், இறகும் வேண்டாம்) என்பார்கள். வேட்டைக்காரர்களிடமிருந்து வந்த வாழ்த்து. அதற்கு 'க் சோர்த்து', பிசாசிடம் போ என்று பதில் சொல்வதுதான் முறை. அந்தப் பழக்கத்தில் 'கோ டு ஹெல்' என்றால் வாழ்த்தியவர் முகம் சுருங்கிவிடும்.