கரைவலை, உப்பு, பழைய சாவி: நிறுவல் கலை பற்றிய கேள்வி பதில்

பொருட்களை ஓர் இடத்தில் அடுக்கியோ தொங்கவிட்டோ அந்த இடத்தையே படைப்பாக்குவதுதான் நிறுவல் கலை. திருகோணமலையில் சித்திரம் படிப்பிக்கும் எனக்கு அது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நிலாவெளி, உயர்தர மாணவர்: சேர், அப்பா கழித்துவிட்ட கரைவலையில் ஒரு நிறுவல் செய்ய விருப்பம். குப்பையைத் தொங்கவிட்டது போலத் தெரியாதா?

தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த எல் அனாட்சுயி, மதுப் போத்தல் மூடிகளை நசுக்கிச் செப்புக் கம்பியால் கோத்து, துணியாக மடிந்து தொங்கும் பெரிய விரிப்புகள் செய்தவர். 2015இல் இத்தாலியின் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதும் பெற்றார். ஐரோப்பியர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோன சரக்குகளில் மதுவும் ஒன்று. அடிமை வியாபாரத்திலும் அது புழங்கியது. அந்தக் கதை மூடியிலேயே ஒட்டியிருக்கிறது.

உங்கள் வலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிழிந்த இடத்தை நீல நூலால் பொத்தியிருப்பார்கள். பக்கத்தில் பச்சை நூல், வேறு கை, வேறு இறுக்கம். மீன் சேரும் பையான மடியில் கண் சின்னது, கைப்பக்கம் போகப் போகப் பெரிது. இழுத்து விரித்து ஆணி அடிக்காதீர்கள். தன் பாரத்திலேயே தொங்கட்டும், பொத்திய இடம் பார்ப்பவர் கண்மட்டத்தில் வரட்டும். சிப்பி, கலர் லைட் எதுவும் சேர்க்க வேண்டாம். வலையே பேசும்போது மற்றதெல்லாம் இடைஞ்சல்.

கும்புறுப்பிட்டி: உப்பளத்து உப்பைக் குவித்து மார்கழியில் காட்சிக்கு வைக்கலாமா?

மார்கழி வேண்டாம். வாடை மழையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பு கசிந்துவிடும். ஆனி, ஆடி நல்லது. இரும்பைக் கிட்ட வைக்காதீர்கள், துருவேறும். கசிவதே உங்கள் நோக்கம் என்றால் கதை வேறு. அமெரிக்காவில் ரொபேர்ட் சிமித்சன் 1970இல் யூட்டாவின் பெரிய உப்பேரிக்குள் 1,500 அடி நீளத்துக்குக் கருங்கல்லும் மண்ணும் போட்டு ஒரு சுருள் பாதை அமைத்தார். கொஞ்சக் காலத்தில் ஏரி உயர்ந்து அதை மூடியது. 2002 அளவில் நீர் வற்றி வெளியே வந்தபோது கருங்கல்லில் வெள்ளை உப்பு படிந்திருந்தது. அது ஏரி செய்த வேலை.

தம்பலகாமம்: அழியப் போவதற்கு ஏன் இவ்வளவு உழைப்பு?

ஜெர்மானியரான வூல்ப்காங் லைப் தன் ஊர்ப்புறத்தில் பருவத்துக்குப் பருவம் பூந்தாது சேர்த்து, அதைத் தரையில் மஞ்சளாகத் தூவுகிறார். இன்னொரு படைப்பில், மேலே சிறிது குழித்த வெண்பளிங்கில் பால் வார்க்கிறார். நாள்தோறும் துடைத்துப் புதுப்பால் வார்க்க வேண்டும். கவனிப்பு நின்றால் படைப்பும் நின்றுவிடும். அந்தக் கவனிப்புத்தான் இங்கே கலை என்று நான் நம்புகிறேன்.

பாலையூற்று: இல்லாமல் போன எங்கள் வீட்டின் சாவியை அம்மா இன்னும் வைத்திருக்கிறா. அதைப் பயன்படுத்தலாமா?

முதலில் அம்மாவிடம் கேளுங்கள் தங்கச்சி. அவ மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஜப்பானியரான சிஹாரு ஷியோட்டா 2015இல் வெனிசில், பலரிடமிருந்து வந்த ஆயிரக்கணக்கான சாவிகளைச் சிவப்பு நூலில் கட்டி, இரண்டு பழைய படகுகளின் மேல் தொங்கவிட்டார். உங்களுக்கு ஒரு சாவியே போதும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டு, விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைவித்து 2011இல் ஒரு நூலாக்கினார். அம்மாவும் ஒரு தாளில் வரையட்டும். அதன் பக்கத்தில் சாவி. துருவைத் தேய்க்காதீர்கள், வார்னிஷும் பூச வேண்டாம்.

உப்புவெளி: புறாமலையில் செத்த பவளம் பொறுக்கலாமா?

கூடாது. புறாமலைத் தீவு தேசியப் பூங்கா. செத்த பவளத்திலும் உயிர்கள் குடியிருக்கின்றன. கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளுங்கள்.