வாசகர் கேள்வி பதில்: ராஜாஜி

தமிழ்மொழி மாதப் பேச்சுப் போட்டிக்கு, உயர்நிலை 1 படிக்கும் என் மகள் ராஜாஜியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மூன்று நிமிடம்தான். எதைச் சொல்வது, எதை விடுவது?
— வாசகி, ஈசூன்

பிறந்தது 1878, மறைந்தது 1972 என்று ஆரம்பித்தால் ஆண்டுகளை ஒப்பிப்பதிலேயே மணி அடித்துவிடும். வேதாரண்யம் உப்பு யாத்திரை ஒன்றே போதும். 1930 ஏப்ரல் 13 அன்று 98 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியான சாங்கிக்கும் மேற்குக் கோடியான துவாசுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து நடை என்றால் வகுப்புத் தோழர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பேச்சின் உயிர் சோற்றுப் பொட்டலத்தில் இருக்கிறது. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். கொடுப்பவர் யாரென்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும்? ஊர்க்காரர்கள் பொட்டலங்களைக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். இதற்கு முழுதாக ஒரு நிமிடம் ஒதுக்கலாம்.

பிள்ளைகள் சறுக்குவது தேதியில்தான். வேதாரண்யம் சேர்ந்தது ஏப்ரல் 28. உப்பு அள்ளிக் கைதானது 30. காந்தி தண்டியில் உப்பெடுத்த ஏப்ரல் 6ஐ இதோடு கலந்துவிட வேண்டாம்.

விற்பனை வரியைக் கொண்டுவந்ததே ராஜாஜிதான் என்கிறார் மாமா. நாம் கட்டும் பொருள், சேவை வரி மாதிரியா அது?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தவர் அவர்தான். கள்ளுக்கடையை மூடியதில் பிறந்த வரி அது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது; பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. கலால் வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் கீழே என்றால் வரி இல்லை. 20,000க்கு மேல் அரை விழுக்காடு.

நம் 9 விழுக்காட்டோடு பார்த்தால் அரை விழுக்காடு தூசு மாதிரி. ஆனால் சிக்கல் வேறு இடத்தில். ஒரு சோப்புக் கட்டி ஆலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று கை மாறும்போதெல்லாம் அரை அரையாக வரி ஏறும். இங்கே பதிவு பெற்ற கடைக்காரர், தான் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். அங்கே அந்தக் கழிவு கிடையாது.

இந்தியாவின் முதல் ஜனாதிபதி ராஜாஜிதானே?
— வாசகர், தெம்பனிஸ்

இல்லை, ராஜேந்திர பிரசாத். ராஜாஜி கடைசி கவர்னர் ஜெனரல்: 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியரும் அவர்தான். அத்தனை உயரம் போனவர் பிறகு மத்திய உள்துறை அமைச்சராகி, 1952இல் சென்னைக்கு முதலமைச்சராகவும் திரும்பினார். வந்த சூட்டோடு உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தது நல்ல பெயர் தந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்ற 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் அவரை மறு ஆண்டே பதவியிலிருந்து இறக்கியது.