வாசகர் கேள்வி – பதில்: எதிர்ப்பட்டால் முகம் திருப்புகிறவர்கள்

கேள்வி: 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது, பக்கத்து வீட்டுக் குடும்பத்தை எங்கள் மாடியில் நான்கு நாட்கள் தங்கவைத்துச் சமைத்துப் போட்டோம். இப்போது அந்த அம்மாள் கடைத்தெருவில் என்னைக் கண்டால் பார்க்காததுபோல் போய்விடுகிறார். இதை நன்றி கெட்டதனம் என்று எடுத்துக்கொள்வதா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்த அம்மாள் நிற்கும் இடத்தில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நாங்கள் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். பல நாட்கள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வைத்திருந்தார். காலையில் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, குடத்தோடு வரச் சொல்வார். முகம் சுளித்து அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஆனாலும் மின்சாரம் வந்த பிறகு, அவர் வாசலில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் பல மாதங்கள் நான் வெளியே கிளம்பினேன். காரணம் நன்றியின்மை அன்று. அரை வாளித் தண்ணீருக்காக நானும் என் மனைவியும் தெருவில் நின்று சண்டையிட்டதை அவர் பார்த்திருந்தார். அவரைக் காணும்போதெல்லாம், அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்பதுதான் என் கண்முன் வந்து நின்றது.

பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், "அப்போது இவர் வீட்டுக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தபடி சொன்னார். பொய்யில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு இலையில் இருந்த எதுவும் இறங்கவில்லை. அவருக்கு அந்தப் பேச்சு இன்று நினைவிருக்குமா என்பதே சந்தேகம்.

எனவே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: அந்த நான்கு நாட்களைப் பற்றி அந்த அம்மாள் காதுபடவோ, அவர் உறவினர் காதுபடவோ எப்போதாவது பேசினீர்களா? பேசியிருக்கமாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஆனாலும் இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாட்களை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை அவரிடமும் இருக்கும்.

நம் மாவட்டத்து வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் தொடங்கிய தருமசாலையில், வந்தவர் யார், என்ன சாதி என்று கேளாமல் இன்றளவும் சோறு போடுகிறார்கள். அங்கே சாப்பிட்டவர் கடைத்தெருவில் யாரைக் கண்டும் ஒதுங்க வேண்டியதில்லை. வீட்டில் சோறு போடுகிற நமக்கு அந்த வசதி கிடையாது. சாப்பிட்டவர் பெயர் நமக்குத் தெரியும், நம் வீடு அவருக்குத் தெரியும்.

வழி ஒன்று உண்டு. அவரிடம் நீங்கள் ஏதேனும் கேளுங்கள். ஒரு பிடி கறிவேப்பிலையோ, ஒரு நாளைக்கு இடியாப்ப உழக்கோ. என் விஷயத்தில், எதிர்வீட்டுக்காரர் தம் மகளின் கல்விக்கடன் விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்தார். மறுநாள் அவர் வாசலில் நின்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாவை என் பத்து வயது மகன் "ஏய், இங்கே வா" என்று கூப்பிட்டான். கண்டித்தேன். "நீங்களும் பாட்டியும் மட்டும் வா, போ என்று பேசலாமா?" என்கிறான். என்ன பதில் சொல்வது?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: உங்கள் மகன் கேட்டதில் தவறில்லை. தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் யாரிடமும் வாய் திறக்க முடியாது. ஒருமையெல்லாம் மரியாதைக் குறைவும் அன்று. மீன் விற்கும் மூத்த பெண்கள் பலர் ஊரில் எல்லாரையும் "வா தாயி, என்ன வேணும் உனக்கு" என்றுதான் கேட்கிறார்கள். அவர் திருப்பி உங்களை "நீ" என்றால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். இருக்காது என்றால் அது நெருக்கம். இருக்கும் என்றால், நாளை முதல் நீங்கள் "வாங்கம்மா" என்று சொல்லத் தொடங்குங்கள். மகனுக்குத் தனியாகப் பாடம் வேண்டாம். பாட்டியை விட்டுவிடுங்கள்; அவரும் மீன்கார அம்மாவும் எத்தனை வருடமாக அப்படிப் பேரம் பேசுகிறார்களோ, அது அவர்கள் இருவர் பாடு.

கேள்வி: புதுச்சேரிப் பேருந்தில் ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன். "நான் என்ன கிழவனா?" என்று கோபித்துக்கொண்டார். இனிமேல் கொடுப்பதா, வேண்டாமா?
– கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: கொடுங்கள். ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி "தாத்தா, உட்காருங்கள்" என்று அழைக்காதீர்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்போல எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். புதுச்சேரி வரை நின்றே போக வேண்டியிருக்கும்தான். உங்கள் வயதுக் கால்கள் தாங்கும்.