பாளை சீவும் நேரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு சிற்றூர் என் ஊர். வயது 41. திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சபையில் கமிட்டிச் செயலாளராகவும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவும் இருக்கிறேன். பாடகர் குழுவிலும் பாடுகிறேன். இந்த ஆண்டு, சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கும் என் கைக்கு வந்திருக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஜெபிக்க எழுந்துவிடுகிறேன். வேதாகமத்தைக் கைப்பேசியில்தான் வாசிக்கிறேன். ஓர் அதிகாரம் முடிவதற்குள் சபை வாட்ஸ்அப் குழுவில் நாலைந்து செய்திகள் வந்துவிடும். அதை மூடி வைத்துவிட்டு முழங்காலில் நின்றாலும், மூன்றாவது நிமிடத்தில் அரிசி மூட்டைக் கணக்கும், கமிட்டியில் யார் என்ன சொன்னார் என்பதும் மனதுக்குள் வந்துவிடுகின்றன. சில நாட்களில் என் எட்டு வயது மகள் எழுந்து வந்து மடியில் உட்காருகிறாள். அவளை அதட்டி அனுப்பிவிட்டு, பிறகு அதை நினைத்தே வருந்துகிறேன். இப்படிச் சிதறிய மனத்தோடு ஜெபிப்பது பாவமா? கைப்பேசியை விட்டுவிட வேண்டுமா? சபைப் பொறுப்புகளை எல்லாம் விட்டு விலகிவிட வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரர் அவர்களுக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுகிறேன். ஜெபத்தில் மனம் அலைவது பாவமல்ல. கெத்செமனேயில் ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாமல் தூங்கிப்போன சீஷர்களை ஆண்டவர் கண்டித்தார். கண்டித்த கையோடு, ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்று அவர்கள் நிலையை அறிந்தவராகவும் பேசினார். முழங்காலில் நிற்கும் மனிதனின் மனம் எத்தனை முறை ஓடினாலும், ஓடியதை உணர்ந்து அவன் திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் அவன் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறான் என்பது என் நம்பிக்கை. நீங்கள் வருந்துவதே உங்கள் நெஞ்சு எங்கே இருக்க விரும்புகிறது என்பதற்குப் போதிய சாட்சி.

கைப்பேசியைப் பற்றி நீண்ட ஆலோசனை தேவையில்லை. அச்சிட்ட வேதாகமம் ஒன்று உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்காது. காலையில் அதில் வாசியுங்கள். கைப்பேசி இரவில் அடுக்களையில் கிடக்கட்டும். ஐந்து மணிக்கு எழுப்புவதற்கு ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதோடு உங்கள் துன்பம் தீர்ந்துவிடும் என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். கைப்பேசியை மூடிய பிறகுதானே அரிசி மூட்டைகள் வந்தன என்று எழுதியிருக்கிறீர்கள்? வந்தது சினிமாவும் அல்ல, வீண் ஆசையும் அல்ல. சபையின் வேலை, ஆண்டவருடைய பேரில் நீங்கள் சுமக்கிற வேலை. நம் பிரசங்கங்களில் உலகம் நம் மனதைத் திருப்புகிறது என்று அடிக்கடி கேட்கிறோம். நம் ஊர்ச் சபைகளில் பொறுப்பெடுத்து உழைக்கிற பலரை, அந்த உலகத்தைவிட அதிகமாகச் சபை வேலையே ஆண்டவரிடமிருந்து திருப்பிவிடுகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லுவதில்லை. சொன்னால் வேலைக்கு ஆள் கிடைக்காது என்ற பயம் காரணமாக இருக்கலாம்.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் மார்த்தாள் பற்பல வேலைகளைச் செய்வதில் மிகவும் வருத்தமடைந்தாள் என்று நம் தமிழ் வேதாகமத்தில் வாசிக்கிறோம். அந்த இடத்தில் மூல கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு, சுற்றிலும் பல பக்கமாக இழுக்கப்படுதல் என்று பொருள். அந்தச் சொல்லின் எதிர்ப்பதத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பயன்படுத்துகிறார். அங்கே நம் மொழிபெயர்ப்பு, கவலையில்லாமல் கர்த்தரைப் பற்றிக்கொண்டிருப்பது என்று சொல்லுகிறது. ஒன்று இழுபடுதல், மற்றது பற்றிக்கொண்டிருத்தல். மார்த்தாளை இழுத்தது எது என்று பாருங்கள்: ஆண்டவருக்காக அவள் சமைத்த சாப்பாடுதான். வேலை நல்லது, விருந்தாளியோ ஆண்டவரே. அப்படியிருந்தும் அவள் நாற்புறமும் இழுபட்டு, கடைசியில் தன் சகோதரியைப் பற்றி அவரிடமே குறை சொல்லுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அசன வேலை நடக்கும்போது யார் வரவில்லை, யார் உழைக்கவில்லை என்று நாம் கணக்குப் பார்ப்பதும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்துக்கும் போக வேண்டும். பெத்தானியாவில் மறுபடியும் ஓர் இராவிருந்து. அங்கேயும் மார்த்தாள் பணிவிடை செய்தாள் என்று எழுதியிருக்கிறது. இந்த முறை அவள் யாரையும் குறை சொல்லவில்லை, ஆண்டவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நடுவில் பதினோராம் அதிகாரம் இருக்கிறது. சகோதரனை இழந்த துக்கத்தில் அவரை எதிர்கொண்டு போய், நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அவள் அறிக்கையிட்டது அங்கேதான். அடுக்களையை விட்டு வெளியேறும்படி ஆண்டவர் அவளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. ஆகையால் எல்லாப் பொறுப்பையும் விட்டுவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கும் அதிகாரம் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் வருகிற அந்த நினைவுகளில் அரிசியைப் பற்றியவை எத்தனை, உங்களைப் பற்றியவை எத்தனை? அரிசி போதுமா என்ற கவலை வந்தால் அதையே ஜெபமாக்கிவிடலாம். பண்டிகையன்று பந்தியில் உட்காரப் போகிற ஏழைகளின் முகத்தை நினைத்து இரண்டு வரி ஜெபித்தால் போதும், அது அங்கேயே அடங்கிவிடும். கமிட்டியில் யார் என்ன சொன்னார் என்பது அப்படி அடங்காது. அதற்குள்ளே நம்முடைய பெயர் இருக்கிறது. இதை நான் அனுபவத்தில் அறிந்தே சொல்லுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த சபையில் நான்கு பொறுப்புகள் என்னிடம் இருந்தன. ஒரு பிரதிஷ்டைப் பண்டிகை நோட்டீஸில் என் பெயர் விட்டுப்போனது. அச்சகத்தில் நேர்ந்த பிழை. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் மூன்று நாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. நான்காம் நாள் திருவிருந்துக்கு முந்திய ஆயத்த ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை ஆண்டுகளாக நான் சுமந்த வேலையில் ஆண்டவருக்கு எவ்வளவு பங்கு, என் பெயருக்கு எவ்வளவு பங்கு என்று நினைத்துப் பார்த்து மிகவும் கலங்கினேன். அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று பொறுப்புகளை வேறு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஓய்வுநாள் பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதனால் நான் கூடுதலாக ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உங்களிடம் இருக்கும் வேலைகளில், யாரும் பார்க்காவிட்டாலும் பெயர் வராவிட்டாலும் எதைச் செய்வீர்களோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை இந்தப் பண்டிகை முடிந்த பிறகு, கோபமில்லாமல், உங்கள் சேகர குருவானவரிடம் பேசிக் கைமாற்றிவிடுங்கள். நடுவில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி அந்தக் காலை ஐந்து மணிக்கு வருகிறேன். என் தாய்வழித் தாத்தா பனையேறி. உடன்குடிப் பக்கத்தில், 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போய்விட்ட, ஆனால் நாங்கள் இன்னும் திருநெல்வேலிச் சீமை என்றே சொல்லுகிற செம்மணல் தேரியை ஒட்டிய ஊர். பதநீர்க் காலத்தில் ஒரு நாளைக்கு முப்பது மரங்களுக்குக் குறையாமல், காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் ஏறுவார். பதநீர் ஊறுகிற பாளையின், அதாவது பனம்பூங்குலையின், நுனியை ஒவ்வொரு முறையும் சீவிவிட வேண்டும். சீவும் கனம் மிக மெல்லியதாக இருக்க வேண்டும்; தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். முந்தின வாரம் எவ்வளவு நன்றாகச் சீவியிருந்தாலும் அது இந்த வாரத்துக்கு உதவாது. பதநீர் சேருகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் ஊறியதும் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது வேறு கதை. அவர் மரத்தின் உச்சியில் இருக்கும்போது கீழேயிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் வராது. சிறுவனாக நான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். இறங்கி வந்து, கால் மணலில் பட்ட பிறகுதான், என்னலே கூப்பிட்ட, என்று கேட்பார். காதில் விழாமல் இல்லை. கையும் காலும் மரத்தைப் பற்றியிருக்கும்போது அவர் கவனம் வேறு எதற்கும் போகாது.

நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்று உங்களையே கட்டாயப்படுத்துகிறீர்கள் என்பது என் ஊகம். முடியாமல் போகும்போது மனம் சோர்ந்து, அடுத்த நாள் இன்னும் அதிகமாகக் கட்டாயப்படுத்துகிறீர்கள். அது பாளையைத் தடிமனாகச் சீவுவதுதான். பதினைந்து நிமிடம் போதும். ஒரு சங்கீதமும் சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியும் வாய்விட்டு, குரல் கேட்கும்படி வாசியுங்கள். கண் மட்டும் வாசிக்கும்போது மனம் நழுவுகிற அளவுக்கு நாவும் காதும் சேர்ந்து வாசிக்கும்போது நழுவுவதில்லை. பிறகு நினைவிலிருக்கிற ஒரு வசனத்தையோ கர்த்தருடைய ஜெபத்தையோ மெதுவாகச் சொல்லுங்கள். மனம் போனால் போன இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். போனதற்காக அதை அடிக்காதீர்கள். சாயங்காலம் இன்னொரு முறை, குடும்ப ஜெபமாக, பத்து நிமிடம். தாத்தா ஊரில் பொழுது சாயும்போது கோவில் மணி அடிப்பார்கள். இரண்டாம் ஏற்றம் முடிந்து இறங்கியவர்கள் மேலில் பாளை வாசனையோடேயே வந்து உட்கார்ந்து, உபதேசியார் ஒரு பகுதி வாசித்து ஒரு கீர்த்தனை பாடி ஜெபித்ததும் எழுந்து போவார்கள். அது ஒரு நாளும் நீண்டதாக எனக்கு நினைவில்லை, ஒரு நாளும் நின்றதாகவும் நினைவில்லை.

மாற்கு முதலாம் அதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. கப்பர்நகூமில் ஓய்வுநாள் முழுதும் வேலை. சாயங்காலம் பட்டணமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. மறுநாள் இருட்டோடே ஆண்டவர் எழுந்து தனித்த இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றான். அந்தச் செய்தி எவ்வளவு இனிமையானது என்று எண்ணிப் பாருங்கள். நம்மில் யாரும் அதைக் கேட்டதும் எழுந்து ஓடியிருப்போம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்றார். எதற்குப் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்ற தெளிவு அந்த இருட்டு வேளையில் அவருக்குப் பிதாவிடமிருந்து வந்தது என்று நான் வாசிக்கிறேன். சபைக் குழுவில் வருகிற செய்திகளும் ஒருவகையில் எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்ற செய்திதான்; அவை ஆறு மணி வரை காத்திருக்கட்டும்.

கடைசியாக உங்கள் மகள். கடிதத்தில் என் மனதை மிகவும் தொட்டது அந்த வரிதான். உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் தூரமில்லை. 1827-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் ஏற்படுத்தி, பண உதவி செய்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயரை இட்ட ஊர் அது. அங்கே ஐம்பது ஆண்டு வாழ்ந்து 1951-இல் மரித்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், அதற்கு முன் பண்ணைவிளையில் தங்கி, பெண்கள் குழுவோடு ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். 1901-இல், இந்துக் கோவிலுக்கென்று தான் ஒப்படைக்கப்பட்டிருந்த இடத்திலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து வேறு பிள்ளைகளும் வந்தார்கள். பிள்ளைகளை வளர்ப்பதற்காக ஊழியப் பயணங்களை விடுவது சரியா என்ற கேள்வி அவரை உறுத்தியது. ஆண்டவர் துண்டை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினதை நினைத்து அவர் அந்தக் கேள்விக்கு விடை கண்டார். ஊழியத்துக்குத் தடையாகத் தோன்றிய பிள்ளைகளே அவருடைய ஊழியமானார்கள்.

வாட்ஸ்அப் செய்தியையும் உங்கள் மகளையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். கைப்பேசி உங்களை ஜெபத்திலிருந்து வெளியே கூப்பிடுகிறது. அவள் நீங்கள் இருக்கிற இடத்துக்கு உள்ளே வருகிறாள். நாளைக் காலை அவள் எழுந்து வந்தால் மடியில் உட்காரட்டும். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிற சங்கீதத்தை அவளுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள், ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவள் என்று வாசித்தாலும் நல்லது. தூக்கக் கலக்கத்தில் அவள் பாதியில் தூங்கிவிட்டால், மீதியை அவளுக்காக நீங்களே ஜெபித்து முடித்துவிடுங்கள்.

அன்புடன்.